முட்டு இல்லாமல் மூன்று வாரம் நின்ற மாதா கோயில்

பாரிஸ் நோத்ர் தாம் பேராலயத்தை மரத்துண்டுகளால் கோத்துக் கட்டும் மாடல் பெட்டி ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். விலை 3,450 ரூபாய். ஆயுத பூஜைக்கு மறுவாரம் வந்தது, பொங்கல் கழிந்து இதை எழுதுகிறேன். இந்த மாதிரிப் பெட்டிகளை நாலைந்து கம்பெனிகள் போடுகின்றன, எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போலத்தான் இருக்கின்றன. பெட்டி மேல் இருந்த பெயரை எழுதவில்லை. குறை சொல்லப் போகிறேன், பெயரைப் போட்டு வம்பு எதற்கு.

எழுதுபவன் யார் என்று தெரிந்தால்தான் குறையின் தன்மை புரியும். வேலூர் சத்துவாச்சாரியில் சென்ட்ரிங் சாமான், அதாவது தளமோ வளைவோ இறுகும்வரை அடியில் தாங்கி நிற்கும் சாமான், வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறேன். ஷீட், ஜாக்கி, சவுக்குக் கம்பம், சாரத்துக்குப் பைப், கிளாம்ப், ஆப்பு எல்லாம் உண்டு. 31 வருடத் தொழில். எங்கள் நைனா கொத்தனார், சுண்ணாம்பு அரைத்து மெட்ராஸ் டெரஸ் போட்ட தலைமுறை. மகள் சென்னையில் பி.ஆர்க் மூன்றாம் வருடம் படிக்கிறாள். அவளுக்காக வாங்கினேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். உண்மையில் எனக்காகத்தான் வாங்கினேன்.

காரணம் 2019 ஏப்ரல் 15. அன்று அந்தக் கோயில் கூரை எரிந்ததை டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தேன். கூர்ங்கோபுரம் சாய்ந்து விழுந்தபோது அங்கே மாலை 8 மணி ஆகவில்லை, நம் ஊரில் இரவு பதினொன்றே கால் தாண்டியிருந்தது. மறுநாள் வேலூர் எம்.பி. தேர்தலே ரத்தாகிவிட்டதால் ஊர் முழுக்க அந்தப் பேச்சுதான். எனக்கு மட்டும் வேறு ஒன்று கண்ணிலேயே நின்றது. எரிந்துகொண்டிருந்த கோபுரத்தைச் சுற்றி ஒரு சாரம் நின்றது. கோபுரம் போய்விட்டது, சாரம் நிற்கிறது. எந்தச் சாரக்காரன் கட்டினானோ என்று நினைத்துக்கொண்டே படுத்தேன்.

சரி, பெட்டிக்கு வருகிறேன்.

உள்ளே 3 மி.மீ. பிளைவுட் தகடுகள் 14. லேசரில் வெட்டியிருக்கிறார்கள். துண்டுகள் தகட்டிலேயே ஒட்டியிருக்கும், விரலால் அழுத்திப் பிரித்தெடுக்க வேண்டும். வெட்டிய ஓரம் எல்லாம் கருகியிருக்கிறது. பெட்டியைத் திறந்ததும் கரிந்த மர வாசனை குப்பென்று அடித்தது. எரிந்த கோயிலின் மாடல் எரிந்த வாசனையோடு வந்ததில் எனக்கு ஒரு சின்னச் சிரிப்பு. அரை மணி நேரத்தில் பத்து விரலும் கறுத்துவிடும். பழைய வேட்டித் துணி ஒன்று பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டு மிகச் சுத்தம், இதை மனதாரச் சொல்கிறேன். காடியும் நாக்கும் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகின்றன. முக்கால்வாசி இடங்களில் பசையே தேவைப்படவில்லை. ஆனால் விளக்கப் புத்தகத்தில் எண்கள் எறும்பு அளவு. ஐம்பது வயது தாண்டியவர்கள் பூதக்கண்ணாடியோடு உட்கார வேண்டும்.

இரண்டாம் நாளே சிக்கல். தகடுகளுக்கு ஏ, பி, சி என்று எழுத்துப் போட்டிருக்கிறார்கள். எனக்கு ‘எச்’ இரண்டு வந்திருந்தது, ‘ஜி’ இல்லை. கம்பெனிக்குப் படம் பிடித்து அனுப்பினேன். ‘உங்கள் புகாரைப் பெற்றுக்கொண்டோம்’ என்று உடனே பதில் வந்தது. அதோடு சரி. புத்தகத்தைப் புரட்டி ‘ஜி’ தகட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். பக்கவாட்டில் வளைந்து நிற்குமே, அந்த முட்டுகள். கல்லூரியில் ‘ஃப்ளையிங் பட்ரஸ்’ என்கிறார்களாம். எங்கள் பாஷையில் முட்டு, சரியாகச் சொன்னால் பறக்கும் முட்டு. சுவரை ஒட்டி நிற்காமல், எட்ட நின்ற ஒரு தூணிலிருந்து அரை வளைவாகத் தாவி வந்து சுவரைத் தாங்கும் கல் கை.

அது இல்லாமலே மீதியைக் கட்டினேன். தினம் கடை சாத்தியபின் ஒன்றரை மணி நேரம், மொத்தம் 26 ராத்திரி. கட்டி முடித்துக் கல்லா மேசை மேல் வைத்தேன். ஒரு சாய்வு இல்லை, ஒரு ஆட்டம் இல்லை. தூக்குக் குண்டு விட்டுப் பார்த்தேன், நூல் பிசகவில்லை. முட்டே இல்லாத கதீட்ரல் மூன்று வாரம் என் கடையில் ராஜா மாதிரி நின்றது.

அதுதான் என் முதல் குறை, பெரிய குறையும் அதுதான். முட்டு இல்லாமல் நிற்கிறது என்றால் அது அந்தக் கோயில் இல்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தை வேலூர்க்காரர் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். குதிரை வீரனும் யாளியும் செதுக்கிய தூண்களைத்தான் எல்லோரும் படம் எடுப்பார்கள். நான் மேலே பார்ப்பேன். தூண், அதன் மேல் போதிகை, அதன் மேல் உத்தரம், அதற்கு மேல் கல் பலகை. பாரம் முழுக்க நேரே கீழே இறங்குகிறது. யாரும் யாரையும் தள்ளுவதில்லை. அதற்கு விலை என்னவென்றால், கருங்கல்லே ஆனாலும் ஒரே கல்லில் எட்டக்கூடிய தூரம் கொஞ்சம்தான். அதனால் நெருக்க நெருக்கத் தூண் வேண்டும்.

பாரிஸ்காரர்களுக்குக் கிடைத்தது சுண்ணாம்புக் கல். நோத்ர் தாமின் நடுக்கூடம் ஏறக்குறைய 12 மீட்டர் அகலம், கல் கூரை தரையிலிருந்து 33 மீட்டர் உயரம். அவ்வளவு அகலத்துக்கு உத்தரம் போட எந்தக் கல்லும் கிடையாது. சின்னச் சின்னக் கல்லாக வளைத்துத்தான் மூட வேண்டும். வளைவு என்றால் உதைக்கும். கீழே மட்டும் இல்லை, இரண்டு பக்கமும் வெளியே உதைக்கும். முனை கூராக இருக்கும் வளைவு அரைவட்டத்தைவிடக் கம்மியாக உதைக்கும். கோதிக் பாணிக் கட்டடத்தில் (நோத்ர் தாம் அந்தப் பாணிதான்) எங்கே பார்த்தாலும் கூர் வளைவாக இருப்பதற்கு அழகு மட்டும் காரணம் இல்லை. ஆனாலும் உதை உதைதான். அதற்கு முன்பு இருந்தவர்கள் சுவரைக் கோட்டைச் சுவர் மாதிரி தடிக்கக் கட்டி உதையை வாங்கினார்கள், ஜன்னல் சின்னதாகிப் போய் உள்ளே இருட்டு. கோதிக் கொத்தனார் வேறு வழி பார்த்தான். கூரையின் பாரத்தை விலா எலும்பு மாதிரி குறுக்கே ஓடும் கல் விலாக்களுக்குக் கொடுத்தான், விலாவைத் தூணுக்குக் கொண்டுவந்தான், அந்த இடத்துக்கு மட்டும் வெளியிலிருந்து முட்டுக் கொடுத்தான். நடுவில் இருந்த சுவருக்கு வேலை போய்விட்டது. வேலை இல்லாத சுவரை எடுத்துவிட்டுக் கண்ணாடி வைத்தான். அந்தக் கலர் கண்ணாடி ஜன்னல்களுக்கு இடம் கொடுத்ததே வெளியே நிற்கும் முட்டுதான்.

மகள் தீபாவளிக்கு வந்திருந்தபோது இதை வாயால் சொன்னேன். ‘தெரியும்பா, பரீட்சையில எழுதியிருக்கேன்’ என்றாள். வா கடைக்கு என்று கூப்பிட்டுக்கொண்டு போனேன்.

ஜாக்கிக்கு அடியில் வைத்து மட்டம் ஏற்றுகிற மர ஆப்பு என் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். ஒரு முனை மெல்லிசு, ஒரு முனை தடிப்பு. வளைவுக் கல்லும் இதே உருவம்தான். ஒரே அளவாக 17 ஆப்பு பொறுக்கினேன். பலகைத் துண்டுகளை அடுக்கி முழங்கால் உயரத்துக்கு இரண்டு ‘சுவர்’. நடுவில் 4 அங்குல பிவிசி பைப் துண்டு ஒன்றை ஒரு கட்டை மேல் படுக்க வைத்தேன், அதுதான் சென்ட்ரிங். அந்த பைப் மேல் ஆப்புகளை மெல்லிசு முனை உள்ளே இருக்கிற மாதிரி ஒவ்வொன்றாக அடுக்கினோம். பதினேழாவது உச்சியில் இறங்கியதும் வளைவு கடிபட்டது. கையால் அழுத்தினால் கல் மாதிரி இருந்தது. மகளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

இப்போது சென்ட்ரிங் பிரி என்றேன். அடிக்கட்டையை மெல்லத் தட்டி இறக்கினாள். பைப் அரை அங்குலம் இறங்கியிருக்கும், இரண்டு பக்கச் சுவரும் ஒன்றுக்கொன்று கோபித்துக்கொண்டது போல வெளியே சாய்ந்தன. பதினேழு ஆப்பும் தரையில். சத்தம் கேட்டுப் பக்கத்து ஹார்டுவேர் கடை பாய் ஓடி வந்துவிட்டார்.

இரண்டாம் முறை, சுவருக்கு வெளியே ஒட்டினாற்போல் செங்கல் அடுக்கிவிட்டுப் பிரித்தோம். நின்றது. ஆனால் பக்கம் முழுக்க அடைபட்டுவிட்டது. மூன்றாம் முறை செங்கல் அடுக்கை ஒரு அடி தள்ளி வைத்து, அங்கிருந்து சுவரின் தோளுக்குச் சவுக்குத் துண்டு ஒன்றைச் சாய்வாக முட்டுக் கொடுத்தோம். நடுவில் வெளிச்சம் வருகிறது, வளைவும் நிற்கிறது. கடைப் பையன் ஆர்வக்கோளாறில் வளைவின் உச்சியில் ஒரு செங்கல்லை வைத்தான். வெளி அடுக்கு லேசாக நகர ஆரம்பித்தது. உடனே அந்த அடுக்கின் தலையில் இன்னும் இரண்டு செங்கல்லை வைத்தேன், நகர்வது நின்றுவிட்டது. கோதிக் கோயில்களில் வெளித்தூண் தலையில் ஒரு கூர்க் கல் மகுடம் வைத்திருப்பார்கள், அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். அது அந்த இரண்டு செங்கல்.

பாய் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ‘அப்ப அந்தப் பெட்டி வேஸ்ட்டுண்ணா. இந்த ஆப்பையே வித்திருக்கலாமே அவன்’ என்றார்.

அவர் சொன்னது முழுக்க நியாயம் இல்லை. பெட்டியில் சரியாக இருக்கும் விஷயங்களும் உண்டு. டேப் வைத்து அளந்தேன். நிஜக் கோயில் நீளம் 128 மீட்டர். மாடல் 52 செ.மீ. அப்படியென்றால் 1 செ.மீ. என்பது கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர். முன்பக்க இரட்டைக் கோபுரம் நிஜத்தில் 69 மீட்டர், மாடலில் 28 செ.மீ. வர வேண்டும், வருகிறது. முகப்பில் வரிசையாக நிற்கும் 28 ராஜாக்களையும் எண்ணிப் பார்த்தேன், 28 இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சியில் இவர்களைத் தங்கள் நாட்டு ராஜாக்கள் என்று நினைத்துத் தலையை உடைத்தார்களாம். அவர்கள் பைபிளில் வரும் யூத ராஜாக்கள். உடைந்த தலைகளில் 21 தலை 1977இல் பாரிஸில் மண்ணுக்கடியில் கிடைத்தன. மாடலில் தலை கடுகளவு, தகட்டிலிருந்து பிரிக்கும்போது எனக்கும் இரண்டு தலை போய்விட்டது.

ஆனால் நடுவில் நிற்கும் கூர்ங்கோபுரம் 34 செ.மீ.தான். நிஜம் 96 மீட்டர், கணக்குப்படி 39 செ.மீ. வேண்டும். பெட்டியில் அடங்குவதற்காகக் குறைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். இரண்டு முகப்புக் கோபுரங்களையும் ஒரே தகட்டின் இரண்டு பிரதியாக வெட்டியிருக்கிறார்கள். நிஜத்தில் வடக்குக் கோபுரம் தெற்கைவிடக் கொஞ்சம் அகலம், படத்தை உற்றுப் பார்த்தாலே தெரியும். அதே மாதிரி முகப்பின் மூன்று வாசலில் இடப்பக்கத்து வாசலுக்கு மட்டும் மேலே முக்கோணமாக ஒரு கல் வரம்பு உண்டு. மாடலில் மூன்றும் ஒன்று போல. 1163இல் ஆரம்பித்து, 1345 வாக்கில் முடிந்த வேலை அது. நூற்றெண்பது வருடத்தில் எத்தனை மேஸ்திரி மாறியிருப்பான். இடது கை வலது கை மாதிரி ஒன்றாகவா இருக்கும்? அந்த ஒழுங்கின்மை போனால் கட்டடத்தின் வயசு போய்விடுகிறது.

வட்ட ஜன்னல்கள் மூன்றுக்கும் கலர் பிளாஸ்டிக் தாள் கொடுத்திருக்கிறார்கள். மூன்றும் ஒரே படம். முகப்பில் இருப்பது சுமார் பத்து மீட்டர் விட்டம், வடக்கிலும் தெற்கிலும் இருப்பவை சுமார் 13 மீட்டர். வடக்கு ஜன்னலில் பெரும்பாலும் 13ஆம் நூற்றாண்டுக் கண்ணாடியே இன்றும் இருக்கிறது, தீயிலும் தப்பியது. இதையெல்லாம் ஒரே தாளில் அடித்தவரைப் பற்றி என்ன சொல்ல. ஆனாலும் டியூப் லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் மேசையில் நீலமும் சிவப்பும் விழத்தான் செய்கிறது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அது போதும்.

இரண்டாவது பெரிய குறை கூரை. மாடலில் கூரை ஒரே தகடு, மடித்து மாட்ட வேண்டியது. அதைத் தூக்கினால் உள்ளே தட்டையான பலகை. கல் வளைவுக் கூரையே இல்லை. எனக்குக் கோபமே வந்தது. தீயன்று என்ன நடந்தது என்பதே அந்த இரண்டு கூரைக்கும் நடுவே இருக்கிறது. மேலே ஈயத் தகடு போர்த்திய மரக்கூரை, அதைத் தாங்கிய ஓக் மரச் சட்டங்களின் கூட்டத்துக்கு ‘காடு’ என்றே பெயர். கிட்டத்தட்ட 1,300 மரம் வெட்டிச் செய்தது என்று சொல்வார்கள். அதற்குக் கீழே, தனியாக, கல் வளைவுக் கூரை. காடு முழுக்க எரிந்து கல் கூரை மேல் விழுந்தது. கூர்ங்கோபுரம் விழுந்த இடத்திலும் இன்னும் ஓரிரு இடத்திலும் கல் ஓட்டையானது. மீதி தாங்கியது. எங்கள் தொழிலில் ஸ்லாப் மேல் ஒரு லாரி ஜல்லி கொட்டினாலே வயிறு கலங்கும். எரியும் காட்டையும் உருகிய ஈயத்தையும் தீயணைப்புத் தண்ணீரையும் சேர்த்து வாங்கிய 800 வருடத்துக் கல் கூரை அது. அதைப் போய் தட்டைப் பலகையாக்கிவிட்டார்கள்.

அந்தக் கல் கூரையைக் கட்டியதும் சென்ட்ரிங் வைத்துத்தான். முதலில் மரச்சட்ட வளைவை மேலே ஏற்றி, அதன் மேல் விலாக்கல்லை வைத்து, விலா கடிபட்டபின் இடைவெளியை மெல்லிய கல்லால் மூடுவார்கள். சுண்ணாம்புக் கலவை, இறுக நாளாகும், சிமென்ட் மாதிரி அவசரம் ஆகாது. ஒரு அங்கணம் (இரண்டு ஜோடித் தூணுக்கு நடுவே உள்ள பகுதி) முடிந்ததும் அதே சட்டத்தை இறக்கி அடுத்த அங்கணத்துக்கு நகர்த்தலாம். ஒரு செட் சாமானை வைத்து நாலு வீட்டை ஓட்டுகிற நம் மேஸ்திரிகளின் கணக்குத்தான்.

தீக்குப் பிறகு முதலில் செய்த வேலைகளில் ஒன்று என்ன தெரியுமா? 28 பறக்கும் முட்டுகளுக்கும் அடியில் மரத்தால் சென்ட்ரிங் செய்து மாட்டினார்கள். உள்ளேயிருந்து கூரை உதைப்பது குறைந்துபோனால், வெளியே நிற்கும் முட்டு சுவரை உள்ளே தள்ளிவிடுமே என்று பயம். முட்டுக்கே முட்டு. இந்த வீடியோவைக் கடையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஐந்தாறு தடவை பார்த்திருப்பேன்.

அந்தச் சாரத்தின் கதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோபுரத்தைப் பழுது பார்க்கக் கட்டியிருந்தது. அதில் இருந்த 16 செம்புச் சிலைகளைத் தீக்கு நாலு நாள் முன்புதான் கிரேன் வைத்து இறக்கிக் கொண்டுபோயிருந்தார்கள், அவை தப்பின. சாரம் தீயில் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது, சுமார் 40,000 பைப் துண்டு, 200 டன். பிரிக்கவும் முடியாது, விடவும் முடியாது. அது சரிந்தால் கீழே மிச்சமிருக்கும் கல் கூரையும் போகும். அதைச் சுற்றி இன்னொரு சாரம் கட்டி, கயிற்றில் தொங்கும் ஆட்களை மேலிருந்து இறக்கி, ரம்பத்தால் ஒவ்வொரு பைப்பாக அறுத்து எடுத்தார்கள். நடுவில் கொரோனா வேறு. 2020 ஜூனில் தொடங்கிய அறுப்பு நவம்பரில் முடிந்தது. கிளாம்ப் துருப்பிடித்த பத்துப் பைப்பைக் கழற்றவே எங்கள் பையன் ஒரு நாள் முழுக்கத் திட்டுவான். தீக்கு என்ன காரணம் என்று இன்றுவரை உறுதியாகவில்லை. உருகி நின்ற அந்தச் சாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும்.

தீ நடந்து இரண்டே மாதத்தில் அங்கே முதல் பூசை வைத்தார்கள். பேராயரும் சாமியார்களும் தலையில் வெள்ளை ஹெல்மெட்டோடு பலிபீடத்தில் நின்றார்கள். அந்தப் படத்தைப் பிரின்ட் எடுத்துக் கடையில் ஒட்டியிருக்கிறேன். ஹெல்மெட் போட மாட்டேன் என்கிற மேஸ்திரிகளுக்குக் காட்ட.

நிஜக் கூரையை மறுபடி ஓக் மரத்தாலேயே செய்தார்கள், சுமார் 2,000 மரம். பழைய காடு எப்படி இருந்ததோ அப்படியே, கோடாலியால் கையில் செதுக்கினார்கள். 2024 டிசம்பரில் திறந்தார்கள், ஐந்தரை வருடம். நம் கோட்டைக் கோயிலில் சாமி இல்லாமல் எத்தனை தலைமுறை போனது! ‘தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில்’ என்று மற்ற ஊர்க்காரர் நம்மைக் கேலி செய்ததெல்லாம் 1981 மார்ச் வரை. அன்று சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கோட்டைக்குக் கொண்டுபோனபோது எனக்குப் பத்து வயது, நைனா கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நின்றது ஞாபகம் இருக்கிறது. நோத்ர் தாம் என்றால் ‘எங்கள் மாதா’ என்று அர்த்தமாம். பாரிஸ்காரர்களுக்கும் அது மாதா கோயில்தான். 2024இல் மணி அடித்ததை போனில் கேட்டபோது எனக்கு 1981தான் ஞாபகம் வந்தது.

இன்னும் சில சின்ன விஷயங்கள். பசை தேவைப்படும் இடத்தில் ஃபெவிகாலைக் குண்டூசி முனையால் வையுங்கள், பிதுங்கினால் கறை. வைத்த பின் இரண்டு நாள் தொடாதீர்கள். கோபுர மாடத்தில் உட்கார்ந்திருக்கும் கொம்பு வைத்த பூதங்களை மழைத்தாரை என்று புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள், தப்பு. அவை 19ஆம் நூற்றாண்டில் வியொலே-லெ-துக் என்கிற கட்டடக் கலைஞர் பழுது பார்த்தபோது வைத்த அலங்காரம். கூர்ங்கோபுரமும் அவர் கைங்கரியம்தான், 1859. தண்ணீர் துப்பும் நிஜத் தாரைகள் வேறு, நம் கோயில் கோமுகி மாதிரி சுவரை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கூரைத் தண்ணீர் பறக்கும் முட்டின் முதுகில் வெட்டிய வாய்க்காலில் ஓடிவந்து அந்த வாய் வழியே எட்டப் போய் விழும். முட்டு வேலையும் அதற்கே, தூம்பு வேலையும் அதற்கே. மாடலில் வாய்க்கால் எதிர்பார்க்காதீர்கள்.

குழந்தைகளுக்கு வாங்குவதாக இருந்தால் பன்னிரண்டு வயதுக்கு மேல். அதற்குக் கீழே என்றால் உங்களுக்குத்தான் வேலை. கட்டடம் படிக்கும் பிள்ளைகளுக்கு வாங்கலாம், ஆனால் கூடவே ஆப்பு வேண்டும். வேலூர்ப் பக்கம் யாராவது கேட்டால் 17 ஆப்பு நான் தருகிறேன், வாடகை வேண்டாம், திருப்பிக் கொடுத்தால் போதும். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் போடுகிறேன். வெட்டுக்கு ஒன்று, அளவுக்கு ஒன்று, அந்த 28 ராஜாக்களுக்கு ஒன்று.

‘ஜி’ தகட்டுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். மூன்று வாரம் பொறுத்துவிட்டு, தொரப்பாடியில் தெரிந்த ஆசாரியிடம் புத்தகத்தில் இருந்த படத்தைக் கொடுத்தேன். பிளைவுட் வேண்டாம், மீந்த தேக்கு இருக்கிறது என்றார். ஒவ்வொரு முட்டையும் தனித்தனியாக இழைத்துக் கொடுத்தார், கம்பெனி மாதிரி சீப்புப் போல ஒரே துண்டாக இல்லை. 600 ரூபாய் வாங்கிக்கொண்டார். மாட்டுவதற்கு முன் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்து, ‘இது எதைத் தாங்குது, உள்ள வளைவே இல்லியே’ என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. வடக்குப் பக்கத்துக்கு மட்டும் அவர் முடித்திருந்தபோது கம்பெனியிலிருந்து ‘ஜி’ தகடு வந்து சேர்ந்தது. தெற்குப் பக்கத்துக்கு அதையே மாட்டிவிட்டேன். வடக்கு தேக்கு நிறம், தெற்கு வெளுத்த பிளைவுட். மகள் வார்னிஷ் அடித்து ஒரே நிறமாக்கித் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.